கிருத்திகையன்று எடுக்காத ரத்தம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது வந்து பேசுங்கள் என்று லேப் முதலாளி கூப்பிட்டார். எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போவதற்கே கதவோரம் நின்று யோசிக்கிற ஆள் நான். எழுதித் தருகிறேன் சார், நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். பத்தாம் வகுப்பு வரைதான் படித்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நரம்பை எப்படித் தேடுவது, எந்த டியூபில் முதலில் பிடிப்பது, இதெல்லாம் உங்களுக்குக் காட்டித்தர ஆள் இருக்கிறார்கள். கொஞ்ச நாளில் உங்கள் கையே பழகிக்கொள்ளும். நான் சொல்ல வந்தது ஊசி குத்துவதற்கு முன்னால் கேட்கிற கேள்வியைப் பற்றி.

ஆரம்பத்தில் நானும் எல்லோரையும் போல, "ஒண்ணும் சாப்பிடலையே?" என்றுதான் கேட்பேன். அப்படிக் கேட்டால் இல்லை என்று தலையாட்டுவதுதான் நமக்குச் செய்யும் மரியாதை என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். மணவூரிலிருந்து ஒரு பெரியவர் வருவார். வெறும் வயிற்று சர்க்கரைக்குத்தான் வருவார். ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவார். ஒவ்வொரு தடவையும் சர்க்கரை எகிறி நிற்கும். ஒருநாள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இன்னா பெரியவரே, சாப்பிடலன்னு சொன்னீங்களே?"

"சாப்பிடலம்மா."

"வீட்ட உட்டு கிளம்பினதுலேருந்து இன்னா பண்ணீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"பல்லு வெளக்கினேன். ரயிலு ஏறினேன். அரக்கோணத்துல வண்டி மாறணும் இல்ல, அங்க ஒரு டீ அடிச்சேன். டீயோட ரெண்டு பன்னு. அவ்ளோ தான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவருக்கே கோபம் வந்துவிட்டது. "டீ கடையில நின்னுகினு துன்றதெல்லாம் சாப்பிடறதுல சேத்தியாம்மா?"

அன்றிலிருந்து கேள்வியை மாற்றிக்கொண்டேன். "காலையில எந்திரிச்சதுலேருந்து இன்னா பண்ணீங்க?" என்று கேட்பேன். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். மற்றவர்களுக்கு இந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். எனக்கு அது பிறந்ததிலிருந்தே வரும்.

இனி நான் சொல்லப்போவது நம் லேபில் ஒரு ஆராய்ச்சி நடந்த வருடத்தைப் பற்றி. அதற்கு முன்னால் என் கையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஆராய்ச்சிக்கு முந்தின வருடமே காலை நேரங்களில் என் கைகள் என் பேச்சைக் கேட்பதை விட்டிருந்தன. நான் தனியாக இருப்பவள். கோயில் மலையடிவாரத்தில் குளத்துக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. அண்ணன் குடும்பம் அரக்கோணத்தில், ரயில்வே குடியிருப்பில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய்விட்டு வருவேன். கண் விழிக்கும்போது இரண்டு கைகளும் முறுக்கிக் காயப்போட்ட துணிபோல விறைத்திருக்கும். பேஸ்ட்டைப் பிதுக்க முடியாது. தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்துவேன். குழாயை மணிக்கட்டால் தள்ளித் திறப்பேன். பால் பாக்கெட்டைப் பல்லால் கடிப்பேன். ஜாக்கெட் கொக்கியோடு போராடிப் பார்த்துவிட்டு ஒருநாள் சுடிதாருக்கு மாறினேன். "லலிதாக்காவுக்கு வயசு திரும்புது" என்று லேபில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வெந்நீர் வைத்து அதில் கைகளை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மெல்ல மெல்ல விரல்கள் மடங்கத் தொடங்கும். லேப் திறப்பதற்குள் கை வந்துவிடவேண்டும் என்று வரவர இன்னும் சீக்கிரமாக எழுந்துகொண்டேன். வீட்டில் கூட ஒருவர் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். தனியாக இருப்பவளின் காலையை யார் பார்க்கப்போகிறார்கள்?

முடக்குவாதத்துக்கான டெஸ்ட்டுக்கு எத்தனையோ பேருக்கு நானே ரத்தம் எடுத்திருக்கிறேன். எனக்கு எடுத்துப் பார்க்கவில்லை. என் பெயர் ஒட்டிய டியூப் அந்த ரேக்கில் நின்றால் மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சார் நல்லவர்தான். ஆனாலும் விரல் மடங்காதவளிடம் யார் கையை நீட்டுவார்கள், எந்த முதலாளி நீட்டச் சொல்வார்? ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியின் பக்கத்தில் நிற்கும் வேலை ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளில் நான் இன்னொரு மனிதரைத் தொடுவது அங்கே மட்டும்தான். முன்பின் தெரியாதவர்கள் வந்து உட்கார்ந்து கையை நீட்டுவார்கள். அவர்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க என்பேன். அதை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து ஒரு லேடி டாக்டர் வந்தார். சின்ன வயது. முடக்குவாதம் உள்ளவர்களின் ரத்தத்தில் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்ற ஒன்று எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. இந்தப் பக்கத்து ஊர்களில் நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டு, ரத்தம் எடுக்க எங்கள் லேபைக் கேட்டிருந்தார். முதல் நாளே எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

"நாம சுவாசிக்கிற ஆக்ஸிஜன் உடம்புக்குள்ள அடுப்பு மாதிரி எரிஞ்சு சக்தி குடுக்குது. அடுப்பு எரிஞ்சா பொறி தெறிக்கும் இல்லையா? அந்தப் பொறி பக்கத்துல இருக்கிறதையெல்லாம் சுடும். அணைக்கிறதுக்கு உடம்பே ஆள் வெச்சிருக்கு. முடக்குவாதத்துல மூட்டுக்குள்ள சண்டை நடந்துகிட்டே இருக்கறதால பொறி அதிகம். அணைக்கிற ஆளுங்க ஓஞ்சு போயிடறாங்க. பொறி எவ்வளவு, ஆள் எவ்வளவுன்னு ரத்தத்துல அளக்கப் போறோம்."

நான் கைகளை மடியில் துப்பட்டாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

நோய் உள்ளவர்கள் ஒரு பக்கம், அதே வயதில் நோய் இல்லாதவர்கள் ஒரு பக்கம், இரண்டு பக்கமும் வேண்டும். நோய் உள்ளவர்களின் டியூபுக்குச் சிவப்பு ஸ்டிக்கர், மற்றவர்களுக்குப் பச்சை. வெறும் வயிறாக இருக்கவேண்டும். ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் கடினமாக உடம்பை வருத்தியிருக்கக் கூடாது. அதனாலேயே நல்ல உடம்பிலும் கொஞ்ச நேரம் பொறி கூடிவிடுமாம். சேர்ந்த நோயாளிகளுக்கு ஒரு வருடம் மருந்தும் பரிசோதனையும் இங்கேயே கிடைக்கும். சென்னைக்கு அலையவேண்டாம்.

எல்லோரையும் வெறும் வயிற்றோடு ஒரே நாளில் எப்படிக் கூட்டுவது என்று டாக்டர் கவலைப்பட்டபோது சார் சொன்னார். "கிருத்திகைக்கு வெச்சிடலாம் டாக்டர். பாதி பேரு விரதத்துல இருப்பாங்க. எப்படியும் ஊருக்கு வருவாங்க. நம்ம கிட்ட ரத்தம் குடுத்துட்டு மேல போய் சாமி பாக்கட்டும்."

"படியேறிட்டு வந்துட்டாங்கன்னா?"

"மொதல்ல நம்ம கிட்ட தான் வருவாங்க. மேல போறதுக்கு பஸ்ஸு வேற இருக்குது."

அருமையான யோசனை என்று எல்லோருக்கும் பட்டது. எனக்கும் பட்டது. முட்டி வலியால் இரண்டு வருடமாக நான் மலைக்கே போகவில்லை. அடிவாரத்தில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன். போயிருந்தால் வேண்டுதல்காரர்கள் எப்படி வருவார்கள் என்று நினைவு வந்திருக்கும்.

கிருத்திகையன்று விடியும்போதே லேபைத் திறந்து வாசலில் பெஞ்சுகளைப் போட்டோம். ஒருவரும் வரவில்லை. தெரு நிறைய ஜனம். மஞ்சள் துணி, காவடி, அரோகரா சத்தம். எல்லாம் எங்கள் வாசலைத் தாண்டி மலையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. பதிவு செய்திருந்த இரண்டு பேர் போகிற போக்கில் சாருக்குக் கைகூடக் காட்டினார்கள். அப்புறம்தான் உறைத்தது. சாமியைப் பார்க்க வேண்டுதலோடு வருகிறவர்கள், பார்ப்பதற்கு முன்னால் உடம்பில் ஊசி குத்தி ரத்தம் சிந்துவார்களா? கீழே இறங்கித்தான் வருவார்கள்.

இறங்கித்தான் வந்தார்கள். நெற்றி நிறைய விபூதியும், மொட்டைத் தலையில் சந்தனமுமாக வந்து பெஞ்சில் குந்தினார்கள். "படியேறிட்டு சுருக்க வந்துட்டேன் சார்" என்று முதல் பெண்மணி பெருமையாகச் சொன்னாள். டாக்டரின் முகம் வாடிப்போனது. பிறகு, பஸ்ஸில் போய் வந்தவர்களை உட்காரவைத்து எடுப்போம், படியேறியவர்களுக்கு இன்று வேண்டாம், வேறு நாள் கொடுப்போம் என்றார்.

சார் அவர் காதருகில் போய், "திரும்பி வருவாங்கன்னு என்னா நிச்சயம் டாக்டர்? ஆளு குறைஞ்சிடும்" என்றார்.

"குறைஞ்சா குறையட்டும் சார். இன்னிக்கு எடுத்தா எது நோயோட பொறி, எது படியோட பொறின்னு யாராலயும் சொல்ல முடியாது."

சார் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டு உள்ளே விட்டார். "படி ஏறலையே? ஏறலையே?" பெஞ்சில் முதலில் உட்கார்ந்திருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பியதை மற்றவர்கள் பார்த்திருந்தார்கள். அதன் பிறகு வந்த எல்லோரும் பஸ்ஸில் போனவர்கள்தான். அன்றைக்கு மேலே போன பஸ்ஸில் அத்தனை பேரும் ஏறியிருந்தால் அது வளைவிலேயே சாய்ந்திருக்கும்.

அப்படி உள்ளே வந்தவள்தான் நாகம்மா. பள்ளிப்பட்டுப் பக்கம். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். புருஷனும் அவளும் சேர்ந்து தறி நெய்தார்கள். அவள் விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்த பிறகு தறியில் அவன் மட்டும் உட்காருகிறான். பதிவு செய்ய வந்தபோது இதையெல்லாம் அவளே சொல்லியிருந்தாள்.

நான் ரப்பர் பட்டையை அவள் கையில் சுற்றிக்கொண்டே கேட்டேன். "சாமி நல்லா பாத்தியாம்மா?"

"ஆங், நல்ல தரிசனம் அக்கா. கூட்டம் தான் தள்ளிகினே போச்சு."

"காலையில எந்திரிச்சதுலேருந்து இன்னா பண்ண, சொல்லு."

"மொத பஸ் புடிச்சோம். கொளத்துல தலை முழுகினேன். அப்புறம் மேல போனோம்."

நான் சும்மா இருந்தேன். என் முன்னால் நீட்டியிருந்த அவள் கையின் விரல் இடுக்குகளில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன. நகத்துக்கடியில், கணு மடிப்பில், எங்கும் மஞ்சள். அர்ச்சனைத் தட்டை வாங்கினவள் கையில் அவ்வளவு ஒட்டாது. படிக்குப் படி மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக்கொண்டே ஏறுகிறவர்களின் கை அது.

நான் எங்கே பார்க்கிறேன் என்று அவளும் பார்த்தாள். கையை மூடிக்கொள்ளப் பார்த்தாள். விரல்கள் மடங்கவில்லை.

"வேண்டுதல் அக்கா," என்றாள் மெதுவாக. "இந்த கை திரும்ப வரணும்னு வேண்டிகினு இந்த கையாலயே ஒவ்வொரு படிக்கும் வெச்சேன். எழுதிடாத. இந்த கும்பல்ல சேந்தா தான் வருசம் பூரா இங்கியே மாத்திரை. மெட்ராஸுக்கு போறதுன்னா ஒவ்வொரு வாட்டியும் பாவா தறிய நிறுத்தணும். போன வருசம் மாத்திரைய பாதியில உட்டுட்டேன். அதுல தான் வெரலு இப்டி சாஞ்சு போச்சு."

பாவா என்றது அவள் புருஷனை. அத்தை மகனைக் கட்டியவள்.

நான் ரப்பரை முடிந்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த முடிச்ச நீ வெரலால போடல அக்கா."

நான் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"உள்ளங்கையில அமுக்கிகினு கட்டை வெரலு ஓரத்தால தள்ளி உட்ற. இழை அறுந்தா நானும் இப்டி தான் முடிவேன். வெரலு மடங்காதவ போடற முடிச்சு இது." குரலை இன்னும் தாழ்த்தினாள். "உனக்கும் இருக்குது இல்ல?"

நான் வாசலில் நின்றிருந்த சாரைத் திரும்பிப் பார்த்தேன்.

"சாருக்கு தெரியாதா?" என் முகத்திலேயே பதிலைப் படித்துக்கொண்டாள். "சரி உடு. நீ என்னுத சொல்லாத. நான் உன்னுத சொல்லல."

மிரட்டிச் சொன்னதாக நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரி உப்பு மாற்றிக்கொள்வது போலத்தான் சொன்னாள். இத்தனை நாளில் என் கையைப் பார்த்து, பார்த்ததைச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கவேண்டும் போல இருந்தது. பக்கத்து மேசையில் டாக்டர் ஐஸ் பெட்டியில் டியூப் அடுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் சார். அவளுக்குப் பின்னால் வரிசை. இந்த வேலையில் முடிவெடுக்க உங்களுக்குக் கிடைக்கும் நேரம் இவ்வளவுதான். ரப்பரைக் கட்டிவிட்டால் ரொம்ப நேரம் யோசிக்க முடியாது.

பெரிய நியாயம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் சொன்ன பொறி மட்டும் நினைவுக்கு வந்தது. இந்த ரத்தம் போனால் மெஷின் படியேறிய பொறியையும் சேர்த்து எண்ணும். அதை நோயின் பொறி என்று நம்புவார்கள். நாளைக்கு அந்த நம்பிக்கையில் யாரோ ஒரு மருந்து கொடுப்பார்கள். அதை வாங்க நீட்டும் கை நாகம்மாவின் கையாகவே இருக்கலாம். என் கையாகவும் இருக்கலாம்.

ரப்பரை அவிழ்த்தேன்.

"நாகம்மா, வேற நாளு வா. டாக்டர் கிட்ட நானே கேட்டு நாளு வாங்கித் தரேன்."

"வேற நாளு பாவா இட்டுகினு வர மாட்டாரு அக்கா."

அதற்குள் டாக்டர் திரும்பிவிட்டார். "என்னக்கா, நரம்பு கிடைக்கலையா?"

"படியேறியிருக்காங்க டாக்டர்."

நாகம்மா எழுந்து நின்றாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "உன் வேலைய பத்திரமா வெச்சிக்கினு என் மருந்த போக்கிட்டியே."

அவள் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே உரக்கச் சொல்லியிருக்கலாம். சார் நாலு எட்டு தள்ளித்தான் நின்றிருந்தார். சொல்லவில்லை. வெளியே போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். புருஷன் பஸ் பார்த்து வரப் போயிருந்தான்.

எல்லோரையும் போலவே அடுத்த ஆளையும் காலையிலிருந்து செய்ததைச் சொல்லவைத்து, படியேறவில்லை என்று தெரிந்த பிறகு நான் ரப்பரைக் கட்டினேன். அதற்கடுத்த ஆளுக்கும் கட்டினேன். ஒவ்வொரு முடிச்சும் எனக்கே உரக்கக் கேட்டது.

வெயில் ஏறியபோது டாக்டர் டியூப்களைப் பார்த்தார். பச்சை ஸ்டிக்கர் பக்கம் குறைவாக இருந்தது. நடுத்தர வயதுப் பெண்கள் கிடைக்கவில்லை. சார் தெருவில் போன பூக்காரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஒரு நோவும் இல்லாதவ இன்னாத்துக்கு சார் ரத்தம் குடுக்கணும்? குடுத்து நோவு வரவெச்சுக்கவா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். அப்போதுதான் சாருக்கு என் நினைவு வந்தது.

"அட, நம்ம லலிதாவே இருக்குதே. கிருத்திகை விரதம். காலையிலேருந்து பச்சத் தண்ணி தான். மலையும் ஏறல. வயசும் பொருந்துது."

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. "ஆமா இல்ல! அக்கா, உங்களுக்கு மூட்டு வலி அது இதுன்னு ஒண்ணும் இல்லையே?"

நான் முதலில் சொன்னேனே, அதே மாதிரிக் கேள்வி. பதில் அதற்குள்ளேயே இருந்தது. நான் ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை, தலையை ஆட்டினால் போதும். ஒரு பச்சை ஸ்டிக்கர், ஒரு டியூப். மறுநாள் காலையில் வெந்நீர், அப்புறம் என் நாற்காலி.

திறந்திருந்த கதவு வழியாக நாகம்மா தெரிந்தாள். காதில் எல்லாம் விழுந்திருக்கும். அவள் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு டாக்டர்."

"என்னக்கா?"

என் குரல் அவருக்கு எட்டவில்லை. இன்னொரு தடவை சொல்லவேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது தடவைதான் கஷ்டம்.

"எனக்கும் இருக்கு."

"இன்னா இருக்குது? இன்னா லலிதா, விளையாடறியா?" என்றார் சார்.

டாக்டர் அவரைப் பார்த்துக் கையமர்த்திவிட்டு, என்னை நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்காரவைத்தார். அத்தனை வருடத்தில் நான் அதில் உட்கார்ந்ததில்லை. எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். இந்தத் தடவை கேள்வி வேறு மாதிரி இருந்தது.

"காலையில எந்திரிச்சதும் மொதல்ல எது முடியல அக்கா?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.

"பேஸ்ட்டு," என்றேன்.

"அப்புறம்?"

"குழாயி. ஜாக்கெட் கொக்கி."

சார் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "அதுக்கா சுடிதாரு..." என்று ஆரம்பித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார்.

"பால் பாக்கெட்டை எப்படி வெட்டுவீங்க?"

"பல்லால கடிச்சுடுவேன்" என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பால் பாக்கெட்டுக்குப் போய் இவள் அழுகிறாளே என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். என் காலை எப்படி விடிகிறது என்று அதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

டாக்டர் என் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். மருந்து ஏதாவது சாப்பிடுகிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். மற்ற டெஸ்ட்டுகளையும் பார்த்து நோய் உறுதியானால் சிவப்புப் பக்கத்தில் சேர்ந்துகொள்ளலாம், மருந்து தொடங்காதவர்கள் கிடைப்பது அரிது என்றார். சேர விருப்பமில்லாவிட்டாலும் வைத்தியம் பார்ப்பேன், யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். யோசிக்க ஒன்றுமில்லை. கையை நீட்டினேன்.

அவர் ரப்பரைக் கட்டி ஊசியை எடுத்தபோது வாசலிலிருந்து குரல் வந்தது.

"மெதுவா டாக்டரம்மா. அந்த கை தான் நாளைக்கு எனக்கு எடுக்கணும்."

நாகம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. டாக்டரும் சிரித்துவிட்டு, அடுத்த வாரம் படியேறாமல், சாப்பிடாமல் வரச் சொல்லி அவளுக்கு நாள் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் வந்தான்.

"ஏமே, பஸ்ஸு நிக்குது, வா."

"பாவா, அடுத்த வாரம் மறுபடியும் வரணும்."

"தறிய யாரு ஓட்டறது? உங்க நைனா வருவாரா?"

"செத்தவரு வர்றாரோ இல்லையோ, நீ இட்டுகினு வர்ற." சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். கைப்பிடியை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

அடுத்த வாரம் வந்தாள். விரல்களில் மஞ்சள் இல்லை. ஆனால் அவளுக்கு ரத்தம் எடுத்தது நானில்லை. டெஸ்ட்டுகளில் என் நோய் உறுதியாகி, சார் என்னை வாசல் மேசைக்கு மாற்றியிருந்தார். "கொஞ்ச நாளைக்கு லலிதா" என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் முடியவில்லை. மருந்து என் விரல்கள் சாய்ந்துவிடாமல் நிறுத்தியது. பேஸ்ட்டும் குழாயும் மறுபடியும் சுலபமாயின. ஊசி பிடிக்கிற அந்த நுணுக்கம் மட்டும் திரும்பவில்லை.

உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கும் ஆசைதான். நாற்காலி போய்விட்டது. வாசல் மேசைக்கு வருகிறவர்கள் சீட்டை மட்டும்தான் நீட்டுவார்கள், யாரும் கையை நீட்டமாட்டார்கள். கொஞ்ச காலம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டேன். இப்போது பகல் நேரம் எனக்கு ரொம்ப நீளமாக இருக்கிறது. குளத்தைச் சுற்றி ஒரு நடை போவேன். வழியில் தெரிந்த முகங்கள் வரும். அவர்கள் முழங்கை மடிப்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நரம்பு எங்கே இருக்கிறது என்று இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆராய்ச்சி முடிந்ததும் டாக்டர் போன் செய்து சொன்னார். நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் பொறி அதிகமாகவும் அணைக்கிற ஆட்கள் குறைவாகவும்தான் இருந்ததாம். படியேறி வந்த எவருடைய ரத்தமும் அதில் கலக்கவில்லை என்றும் சொன்னார். என்னுடைய டியூபும் நாகம்மாவுடைய டியூபும் அதில் ஒரே பக்கத்தில் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்களிடம் வந்து கை நீட்டுகிறவர்களுக்கு எதிரில் நீங்கள் நிற்கப்போவது கொஞ்ச நேரம்தான். ஆனால் அன்றைக்குக் காலையில் அவர்களோடு யாராவது பேசியிருப்பார்கள் என்று நிச்சயமில்லை. கேள்வியைத் திறந்து கேளுங்கள். கேட்டுவிட்டு அவசரப்படாமல் நில்லுங்கள்.

கிருத்திகை தோறும் காலையில் நாகம்மா போன் செய்வாள். இப்போது அவளும் பஸ்ஸில்தான் மேலே போகிறாள். பின்னால் அரோகரா சத்தம் கேட்கும். நல்லா இருக்கியா என்று அவள் கேட்கமாட்டாள். அப்படிக் கேட்டால் நான் ஆங் என்று சொல்லிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, கை வந்துச்சா?"

போனை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு சொல்வேன்.

"வந்துகினு இருக்குது."